மார்க் குறைந்தால் கால்நடை டாக்டர் ஆக முடியாதா?

மும்பையில் பிளஸ்-2 தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் வீடுகளில் இரண்டே பேச்சுத்தான். ஒன்று என்ஜினீயரிங். மற்றொன்று டாக்டர் படிப்பு. இரண்டுக்கும் மார்க் எட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூன்றாவது பேச்சு எழும். "மாட்டு டாக்டர் படிப்புக்காவது இடம் கிடைக்காதா?" என்று கேட்பார்கள்.

அந்த "ஆவது" என்ற சொல்லில்தான் கோளாறு இருக்கிறது. கால்நடை மருத்துவம் மிச்சம் மீதி உள்ளவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்த படிப்பு அல்ல. அதற்கும் கடும் போட்டி உண்டு. ஆனால், மார்க் குறைந்த பிள்ளைக்குக் கதவு அடியோடு அடைபட்டு விட்டதா? அதுவும் இல்லை. எந்தக் கதவு, எந்த மார்க்குக்குத் திறக்கும் என்று தெரிந்து தட்ட வேண்டும். தெரியாமல் நிற்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பரேலில் ஒரு பழைய கல்லூரி

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் 1761-ல் தோன்றியது. மும்பைக்கு அந்தப் படிப்பு 1886-ல் வந்தது. பார்சி கொடையாளர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் குடும்பத்தின் பெயரால் பரேலில் விளங்கும் பாய் சகர்பாய் கால்நடை ஆஸ்பத்திரியை ஒட்டி, பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய இந்தியாவில் உள்ள மிகப் பழைய கால்நடைக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று.

டாட்டா ஆஸ்பத்திரிக்கும் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கும் போய் வராத தமிழ்க் குடும்பம் மும்பையில் அபூர்வம். அதே பரேலில்தான் இந்தக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் அதன் வாசலை மிதித்த தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்?

தேசியப் பால்வள வாரியத்தின் தலைவியாகப் பல ஆண்டுகள் இருந்த டாக்டர் அம்ரிதா படேல் இங்கே படித்துப் பட்டம் பெற்றவர்தான். இப்போது இந்தக் கல்லூரி, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மராட்டிய கால்நடை மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நாகபுரி, பர்பணி, உத்கிர், ஷிர்வல் ஆகிய ஊர்களிலும் இதே பல்கலைக்கழகத்தின் கால்நடைக் கல்லூரிகள் உள்ளன.

படிப்புக் காலம் மொத்தம் ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடம். ஓராண்டு கட்டாயப் பயிற்சி.

இரண்டு வாசல்கள்

"என் பையனுக்கு மார்க் குறைவு" என்று சொல்லும் தகப்பனார் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த மார்க் குறைவு? பிளஸ்-2 மார்க்கா, நீட் மார்க்கா?

ஏனென்றால் இங்கே வாசல் இரண்டு. முதல் வாசல் தகுதி. இரண்டாவது வாசல் போட்டி.

தகுதி என்பது பிளஸ்-2 தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 சதவீதம் எடுத்திருப்பது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதில் சலுகை உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ந் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். ஆங்கிலமும் கணக்கில் சேரும் என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவியல் பாடங்களை உருப்போட்டு விட்டு ஆங்கிலத்தைக் கோட்டை விடும் பிள்ளைகள் இந்த முதல் வாசலிலேயே இடறி விழுகிறார்கள்.

அடுத்தது போட்டி. மராட்டியத்தில் தரவரிசை நீட் மார்க்கைக் கொண்டே தயாராகிறது. தகுதிக் கோட்டைத் தாண்டிவிட்டால், பிளஸ்-2வில் 55 எடுத்தவரும் 95 எடுத்தவரும் நீட் மார்க்கை வைத்தே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். பள்ளித் தேர்வில் சறுக்கியவருக்கு இது ஓர் இரண்டாவது வாய்ப்பு.

தமிழகத்தில் நிலைமை நேர் எதிர். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய ஊர்களின் கல்லூரிகளும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கே மாநில இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ்-2 மார்க்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். பொதுப் பிரிவில் 190-க்கு மேல் இருந்தால்தான் நம்பிக்கையோடு காத்திருக்கலாம்.

ஆக, பிளஸ்-2வில் சுமார், நீட்டில் நல்ல மார்க் என்றால் மராட்டியமே பொருத்தம். பிளஸ்-2வில் அள்ளிக் குவித்து நீட்டில் கோட்டை விட்டவர் தமிழகத்தைப் பார்க்கலாம். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தவர்கள் அதற்குப் பூர்வீகச் சான்று காட்ட வேண்டியிருக்கும். யார் யார் எந்தப் பிரிவில் மனுச் செய்யலாம் என்பதை அந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் வரி விடாமல் படித்துக்கொள்வது நல்லது.

மறந்து போகும் 15 சதவீதம்

நாட்டில் உள்ள அரசுக் கால்நடைக் கல்லூரிகளின் இடங்களில் 15 சதவீதத்தை அகில இந்திய ஒதுக்கீட்டில் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நிரப்புகிறது. முன்பு இதற்குத் தனித் தேர்வு இருந்தது. இப்போது நீட் மார்க்கே அடிப்படை.

இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நீட் எழுதிவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது! எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு வேறு, கால்நடைக் கலந்தாய்வு வேறு. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தனி மனு. கவுன்சிலுக்குத் தனி மனு. கடைசித் தேதி போன பிறகு கையைப் பிசைந்து பயன் இல்லை.

சாதிச் சான்று என்னும் முட்டுக்கட்டை

மும்பைத் தமிழர்களுக்கு மார்க்கைவிடப் பெரிய முட்டுக்கட்டை இதுதான்.

தோல் பதனிடும் வேலைக்காகவும் கூலி வேலைக்காகவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பிள்ளைகள் மராட்டி பேசுகிறார்கள். மராட்டியத் தேர்வு வாரியத்தில் பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால், ஊரில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றை மும்பைக் கல்லூரியில் நீட்டினால், மாநில இட ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது என்கிறார்கள்.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர் பிழைப்புத் தேடி வேறு மாநிலம் போனால், அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-ல் கூறியது. மராட்டியம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே 1994-ல் அதை உறுதி செய்தது. 2018-ல் அரசியல் சாசன அமர்வும் அதையே சொன்னது.

தாழ்த்தப்பட்டோர் மராட்டியத்தில் இச்சலுகையைப் பெற, 1950 ஆகஸ்டு 10-ந் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13-ந் தேதி கணக்கு. சாதியும் மராட்டியப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். தாத்தாவின் பள்ளிச் சான்று, பழைய வாடகை ரசீது, ஆலையில் வேலை பார்த்த சீட்டு என்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதம் ஒவ்வொன்றும் பொன் போன்றது. சான்று கிடைத்த பிறகும் சரிபார்ப்புக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். பத்தாம் வகுப்பு முடிந்த உடனேயே இந்த வேலையைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அதன் பிறகு வந்து குடியேறியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் விஷயத்தில், தகப்பனாரின் பூர்வீக மாநிலச் சான்றை ஆதாரமாகக் கொண்டு இங்குள்ள அதிகாரிகளே சான்று வழங்க மத்திய அரசின் விதி இடம் தருகிறது. மத்திய அரசுச் சலுகைகளுக்கும் சொந்த மாநிலத்துக்கும் அது பயன்படும். மராட்டிய மாநில ஒதுக்கீட்டுக்கு மட்டும் உதவாது. எனவே இவர்கள் அகில இந்திய ஒதுக்கீட்டை அலட்சியம் செய்யவே கூடாது.

குறைந்த மார்க்கை உயர்த்த

பிளஸ்-2வில் 47, 48 சதவீதத்தோடு நின்றுவிட்டவர்கள் படிப்பையே விட்டுவிட வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்றவர்களும் மீண்டும் எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்ள மராட்டியத் தேர்வு வாரியத்தில் திட்டம் இருக்கிறது. நீட் தேர்வையும் மறுபடி எழுதலாம். அதற்கான உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது.

நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மார்க். தவறான விடைக்கு 1 மார்க் கழிவு. குத்துமதிப்பாக விடை எழுதித் தள்ளுவதைவிட, தெரிந்ததைப் பிழையில்லாமல் எழுதுவது மேல். ஓராண்டு வீணாகிறதே என்று உறவினர்கள் முணுமுணுக்கலாம். பிடிக்காத படிப்பில் நான்காண்டு வீணாவதைவிட அது பெரிய நஷ்டம் அல்ல.

அமெரிக்காவில் வேறு முறை. அங்கே கல்லூரியில் சில ஆண்டுகள் படித்த பிறகுதான் நான்காண்டு கால்நடை மருத்துவப் படிப்பில் சேர முடியும். சராசரி மார்க்கோடு, விலங்குகளிடம் எத்தனை மணி நேரம் பணிபுரிந்தார் என்பதையும் பார்க்கிறார்கள். சராசரி குறைந்தவர் அனுபவத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். இந்தியாவில் அனுபவத்துக்கு மார்க் கிடையாது. என்றாலும், பெட்டிட் ஆஸ்பத்திரி போன்ற இடங்களை ஒருமுறை பார்த்து வந்தால், ரத்தமும் சாணமும் நாற்றமும் தன் மனத்துக்கு ஒத்துவருமா என்று பிள்ளையே தெரிந்துகொள்ளும்.

தரகர் வந்தால்...

ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் தனியார் கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் அதிகம். "மார்க் வேண்டாம், பணம் போதும்" என்று தரகர் வந்தால் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கல்லூரிக்கும் பட்டத்துக்கும் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? 1984-ம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு பதிவு செய்தவர்தான் டாக்டராகத் தொழில் செய்ய முடியும். அங்கீகாரம் இல்லாவிட்டால், நகையை விற்று வாங்கிய பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

பக்கத்துப் பாதைகள்

பால்வளத் தொழில்நுட்பம், மீன்வள அறிவியல் ஆகிய பட்டப் படிப்புகளும் மராட்டியப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தமிழகத்தில் கோழியினத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் ஆகியவையும் உண்டு. கால்நடை வளர்ப்பில் டிப்ளமோவும் இருக்கிறது. இவை டாக்டர் பட்டம் தரா. டிப்ளமோ படித்தவர் டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளை மட்டுமே செய்யலாம். அதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் பின்னால் ஏமாற்றம் இராது.

பட்டம் பெற்றவருக்கு வேலை மாட்டுக் கொட்டகையோடு முடிந்துவிடுவதில்லை. செம்பூருக்குப் பக்கத்தில் உள்ள தேவனார் இறைச்சிக் கூடத்தில் ஆடுகளைச் சோதிப்பது கால்நடை டாக்டர்தான். மகாலட்சுமியில் 2024-ல் திறக்கப்பட்ட டாட்டா அறக்கட்டளையின் ஆஸ்பத்திரி நாய், பூனைகளுக்கானது. தமிழகக் காடுகளில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்தே புகழ் பெற்றவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. எழுத்தாளர் ஜெயமோகனின் "யானை டாக்டர்" கதைக்கு உரியவர் அவர்தான்.

வாயில்லாப் பிராணிகள் தங்கள் நோவைச் சொல்லா. தொட்டும் பார்த்தும் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை தேவை. மேற்கொண்டு படிக்கும் உறுதியும் தேவை. இரண்டும் உள்ள பிள்ளையின் மார்க் ஷீட்டில் ஓரிரு எண்கள் குறைந்ததற்காக வீட்டில் அழுது கொண்டிருக்க வேண்டாம். பழைய காகிதங்களைத் தேடி எடுப்பதும், மனுவின் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பதும் பெற்றோரின் வேலை. படிப்பது பிள்ளையின் வேலை.