கொதிநீர் ஊற்றினால் உணவு

பச்சரிசியின் மேல் கொதிநீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்தால் அரிசி அரிசியாகவே இருக்கும். உடனடி நூடுல்ஸ் மட்டும் அதற்குள் மெத்தென்று ஆகிவிடுவது எப்படி?

அது ஏற்கெனவே ஆலையில் வெந்தது. இம்முறையைக் கண்டவர் ஜப்பானில் வாழ்ந்த மோமோஃபுகு ஆண்டோ. இக்கேடா நகரில் தம் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் பலமுறை முயன்று 1958இல் வெற்றி கண்டார். (மனைவி எண்ணெயில் பொரிப்பதைப் பார்த்தபோதுதான் வழி தோன்றியதாம்!)

கோதுமை மாவு இழைகளை முதலில் ஆவியில் அவிக்கிறார்கள். மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் கூழ்த்தன்மை அடைகிறது. பின்பு சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூடுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரிக்கிறார்கள். எண்ணெயில் இட்ட வடை சடசடப்பது ஏன்? உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சீறி வெளியேறுவதால்தான். நூடுல்ஸிலும் அவ்வாறே நிகழ்கிறது; நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகள் தோன்றுகின்றன. நாம் ஊற்றும் வெந்நீர் அத்துளைகளின் வழியே விரைந்து புகுந்து இழைகளை மீண்டும் மென்மையாக்குகிறது. ஈரம் மிகக் குறைவாதலால் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

ஆனால் நீர் விட்ட இடத்தில் எண்ணெய் குடிபுகுகிறது. பொரித்த நூடுல்ஸின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கொழுப்பே. புரதமும் நார்ச்சத்தும் குறைவு. உப்போ மிகுதி! நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விடுதி அறையில் இரவுதோறும் இதையே உண்ணும் மாணவர் இக்கணக்கை அறிந்திருப்பது நல்லது. உப்பின் பெரும்பகுதி மசாலாப் பொட்டலத்தில் உள்ளது. அதில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் கைப்பிடிப் பட்டாணியும் சேர்த்து வேகவிட்டால் உப்பு குறையும், புரதம் கூடும். நேரம் சற்றே நீளும்.