வேலிக்கு அப்பால் சம்பந்தி வீடு

துருக்கிக்கும் சிரியாவுக்கும் இடையிலான எல்லையின் நீண்ட பகுதியொன்று மலையையோ ஆற்றையோ ஒட்டிச் செல்லாமல் ஓர் இருப்புப்பாதையை ஒட்டிச் செல்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் சிரியாவைத் தன் பிடியில் வைத்திருந்த பிரான்சும், அங்காராவில் உருவாகிவந்த துருக்கியப் புதிய அரசும் 1921-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, பாக்தாத் ரயில்பாதையையே அங்கு எல்லையாக்கித் தண்டவாளத்தைத் துருக்கியின் பக்கம் ஒதுக்கியது. அங்கு வாழும் குர்து மக்கள் இரு பக்கங்களையும் நாட்டுப் பெயரால் சுட்டாமல், கோட்டுக்கு மேலே என்னும் பொருளில் 'செர்ஹத்' என்றும் கோட்டுக்குக் கீழே என்னும் பொருளில் 'பின்ஹத்' என்றும் வழங்குவதிலேயே, உறவுமுறைகள் அந்தக் கோட்டை எவ்வளவு தாமதமாக ஏற்றுக்கொண்டன என்பது தெரிகிறது.

காகிதத்தில் விழுந்த கோடு தரையில் வந்து இறங்கும் அந்தத் தாமதமான கணத்தைத்தான் சினான் செத்தின் எழுதி இயக்கி 1999-இல் வெளியான 'புரோபகாண்டா' என்ற நகைச்சுவைப் படம் எடுத்துக்கொள்கிறது. 'பரப்புரை' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படத்தின் கதை 1948-இல் நடக்கிறது. சொந்த ஊருக்கே சுங்க அதிகாரியாக வந்து சேரும் மெஹ்தி, மேலிடத்து ஆணைப்படி ஊரின் குறுக்கே முள்வேலி போட்டு எல்லைவாயில் அமைக்க, பால்ய நண்பன் ரஹீமின் குடும்பம் ஒரே நாளில் அயல்நாட்டாராகிறது. மெஹ்தியின் மகனும் ரஹீமின் மகளும் காதலிப்பதால், சம்பந்தி வீடாக வேண்டியது வேலிக்கு மறுபுறம் போய்விடுகிறது.

படத்தின் உண்மையான துணிச்சல் கதையில் இருப்பதைக் காட்டிலும் நடிகர் தேர்வில் இருக்கிறது. மெஹ்தியாக நடித்த கெமால் சுனால், 1970-களின் 'ஹபாபாம் சினிஃபி' படவரிசையில் ஏற்ற ஷபான் முதலாக, விவரமறியா அப்பாவி வேடங்களால் துருக்கியர் வீட்டுப் பிள்ளைபோலவே ஆனவர். அதிகாரத்தின் முன் திருதிருவென விழிக்கும் எளியவனாகவே பார்வையாளர்கள் பல்லாண்டு கண்டு சிரித்த அந்த முகத்துக்கு, இப்படம் சீருடையை மாட்டிவிடுகிறது. கொடுமைக்காரன் போடும் வேலியைக் கண்டு எவரும் கோபப்படலாம். ஆனால் நல்லவன் ஒருவன், கடமையைச் செய்கிறோம் என்ற பெருமிதத்தோடு போடும் வேலியில் கோபத்துக்குச் சட்டென்று இலக்கு கிடைப்பதில்லை, சிரிப்பும் அங்கிருந்தே பிறக்கிறது. ரஹீமாக வரும் மெதின் அக்பினார், அரசியல் கேலிக்குப் பேர்போன 'தெவெகுஷு கபாரே' நாடகக் குழுவில் பழகியவர் என்பதால், இருவருக்கும் இடையிலான உரையாடல் வெறும் கோமாளித்தனமாகச் சரிவதில்லை.

இதே எல்லையைப் பற்றி லுத்ஃபி அகாத் 1966-இல் இயக்கிய 'ஹுதுத்லாரின் கானுனு' (எல்லைகளின் சட்டம்), நடிகர் யில்மாஸ் குனெயைக் கடத்தல்காரனாக்கி, கண்ணிவெடி புதைத்த நிலத்தைக் கடப்பவரின் துயரத்தை நேரடியாகவே சொன்னது. செத்தினின் படம் சில இடங்களில் கண்ணீரை அளவு மீறி இறைக்கிறது என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் கண்ணிவெடிகள் வருவதற்கு முன்பு அங்கே வந்து சேர்ந்தவை ஒரு வாயிற்கதவும் ஒரு முத்திரைக் கட்டையும் அவற்றை மெய்யாகவே நம்பிய ஓர் ஊர்க்காரனும்தான் என்பதை அதுவே காட்டுகிறது.