இணைய அங்காடியில் வினாவும் விடையும்

நுழையும்முன்

வினவுதலும் விடையளித்தலும் மொழியின் அடிப்படைச் செயல்கள். வினா ஆறு வகைப்படும் என்பதையும் விடை எட்டு வகைப்படும் என்பதையும் மாணவர்கள் இலக்கணப் பாடத்தில் பயின்றிருப்பர். அவ்விலக்கணம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவரையொருவர் கண்டிராத இருவர் இணையத்தின் வழியே பொருளை விற்று வாங்கும்போது, ஒரு விடையை நம்பியே பணம் கைமாறுகிறது. அந்த விடை எப்படி அமைய வேண்டும் என்பதைக் கைத்தறிப் புடவை விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கையும் கண்ணும் கேட்ட வினாக்கள்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் விற்பவர் புடவையை மடிப்பு நீக்கி விரிக்கிறார். வாங்க வந்தவர் அதனை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். கையில் ஏந்தி எடையை உணர்கிறார். வாயிலருகே கொண்டுசென்று பகல் வெளிச்சத்தில் நிறத்தைக் காண்கிறார். முந்தியைத் திருப்பிச் சரிகையின் பின்புறத்தை ஆராய்கிறார். தோளில் சாத்திக் கண்ணாடி முன் நிற்கிறார். வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாமலே ஐந்து வினாக்களைக் கேட்டு, ஐந்து விடைகளையும் பெற்றுவிடுகிறார்.

இணைய அங்காடியில் இவ்வாய்ப்பு இல்லை. அங்கு எஞ்சியிருப்பவை படமும் சொல்லும் மட்டுமே. படமும் முழு உண்மையைக் காட்டிவிடுவதில்லை. மயில்கழுத்து நிறப் புடவையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதன் பாவு ஒரு நிறம். ஊடை மற்றொரு நிறம். துணி அசையும்போது ஒரு கோணத்தில் நீலமும் மறுகோணத்தில் பச்சையும் மேலெழும். அசையாத படம் அவற்றுள் ஒன்றையே பிடித்து வைக்கும். படம் எடுத்த இடத்தின் ஒளியும், பார்ப்பவரின் திறன்பேசித் திரையும் அந்நிறத்தை மேலும் மாற்றிக் காட்டும்.

"இது நீலமா, பச்சையா?" என்று ஒருவர் கேட்டால், படம் சொல்லாமல் விட்டதையே அவர் கேட்கிறார். "பாவு நீலம், ஊடை பச்சை, மடிப்பு அசையும்போது இரண்டும் மாறிமாறித் தெரியும்" என்று விடையளிக்கும் விற்பனையாளர், வாங்குபவரின் கண்ணுக்குச் சொல்லால் துணை செய்கிறார். ஆகவே, வாங்குபவரின் வினாவைத் தொல்லையாகக் கருதுவது பிழை. கடைக்கு வர இயலாத கையும் கண்ணுமே வினாவாக வந்து நிற்கின்றன.

அறியாமை அழிக்கும் சந்தை

விற்பவருக்குப் பொருளின் குறை நிறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு சந்தையை எவ்வாறு பாதிக்கும் என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பழைய மகிழுந்துகளின் விற்பனையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது எனப் பிரித்தறிய இயலாதவர் எந்த வண்டிக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். பழுதான வண்டிகளே மிஞ்சும். தகவல் ஏற்றத்தாழ்வு குறித்த ஆய்வுகளுக்காக மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அக்கர்லாஃபிற்கு 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கருத்து கைத்தறிக்கும் பொருந்தும். விசைத்தறியில் விரைவாக நெய்த துணி, திரையில் கைத்தறித் துணியைப் போலவே தோன்றும். இரண்டிற்கும் வேறுபாட்டைச் சொல்ல யாரும் இல்லையெனில் வாங்குபவர் விலை குறைந்ததையே தேர்வார். பல நாள் தறியில் அமர்ந்து நெய்தவரின் உழைப்பிற்கு உரிய விலை கிடைக்காது. எனவே, வினாவிற்கு உண்மையான விடை தருவது ஒரு புடவையை விற்பதற்கான வழி மட்டுமன்று. நல்ல பொருளும் அதனைச் செய்பவரும் சந்தையில் நிலைத்திருப்பதற்கான வழியுமாகும்.

வாங்குபவரின் வினாக்கள்

நன்னூல் கூறும் அறுவகை வினாக்களையும் இணைய அங்காடியில் காணலாம். "இந்தப் புடவை இப்போது கிடைக்குமா?" என்பது கொளல் வினா. பயறு உள்ளதா என வணிகரிடம் கேட்பதையே இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது இலக்கண மரபு. "எத்தனை மீட்டர் நீளம்? ரவிக்கைத் துணி சேர்ந்ததா?" என்பன அறியா வினாக்கள். "இது தூய பட்டா, செயற்கை இழையா?" என்பது ஐய வினா. "கரையை அருகில் படமெடுத்து அனுப்புவீர்களா?" என்பது ஒரு செயலைச் செய்யத் தூண்டுவதால் ஏவல் வினா. இரண்டு புடவைகளுள் ஒன்றை மட்டும் வாங்கியவரிடம், "மற்றொன்றையும் தங்கைக்காக எடுத்து வைக்கட்டுமா?" என்று விற்பவர் கேட்பது கொடை வினாவின் சாயல் உடையது.

இவற்றுள் கூர்ந்து நோக்கத்தக்கது அறிவினா. விடையைத் தாம் அறிந்திருந்தும் பிறர் அறிவாரா என அறிய வினவுவது அது. "கோர்வை என்றால் என்ன?" என்று கேட்பவர் நெசவை நன்கறிந்தவராகவும் இருக்கலாம். உடலையும் கரையையும் வெவ்வேறு நிற இழைகளால் நெய்து, இரண்டையும் தறியிலேயே பிணைக்கும் முறை கோர்வை. இதனைத் தெளிவாகச் சொல்லி, உடலும் கரையும் சேரும் இடத்தின் முன்புறப் படத்தையும் பின்புறப் படத்தையும் அனுப்பும் விற்பனையாளர் அத்தேர்வில் வென்றுவிடுகிறார். ஆரவாரமான விளம்பரச் சொற்களை அடுக்குபவர் தோற்றுவிடுகிறார்.

விற்பவரின் விடைகள்

எண்வகை விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பாகப் பொருள் உணர்த்துபவை. நேரில் பேசும்போது குறிப்பு விடைக்கு முகக்குறிப்பும் குரலும் துணைநிற்கும். எழுத்தில் அத்துணை இல்லை. ஆதலால், இணைய அங்காடியில் முதலில் வெளிப்படை விடையைத் தந்து, பின்னர் விளக்கம் சேர்ப்பதே பொருந்தும்.

"நீலப் புடவை உள்ளதா?" என்ற வினாவிற்கு, "பச்சை உள்ளது" என்பது இனமொழி விடை. எதிரில் நிற்பவர் அதன் பொருளை உடனே உணர்வார். தொலைவில் இருப்பவரோ நீலமும் இருக்கக்கூடும் என எண்ணிக் காத்திருப்பார். "நீலம் இல்லை, அதே கரையில் பச்சை உள்ளது" என்றால் ஐயம் எழாது. "நீளம் எவ்வளவு?" என்று கேட்டவருக்கு, "விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்" என்பது ஏவல் விடை. அவ்விளக்கம் அதே பக்கத்தில் இருந்தாலும், கேட்டவரின் மனத்தில் தாம் அவமதிக்கப்பட்டதாக ஓர் எண்ணம் எழும். "புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி" என விடையளிக்க அரை நிமிடம் போதும். ஒரே வினாவைப் பலர் கேட்டால், குறை விளக்கத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து, அதனைத் திருத்தி எழுதுவதே அறிவுடைமை.

"துவைத்தால் சாயம் போகுமா?" என்று கேட்பவருக்கு உறுவது கூறலே உதவும். அடர்நிறப் பருத்திப் புடவையாயின், "முதல் சில துவைப்புகளில் சாயம் இறங்கலாம், பிற துணிகளோடு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் தனியே அலசுங்கள்" என நேரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "முந்தியில் சிறு புள்ளி தெரிகிறதே?" என்று கேட்பவருக்கு உற்றது உரைத்தல் தகும். "நெய்யும்போது இழை அறுந்தது, அதனை முடிந்த இடம் அது" என நடந்ததைச் சொன்னால் குறையும் மறைவதில்லை, கைத்தறியின் இயல்பும் விளங்கும்.

எல்லாவற்றிலும் அரியது மறை விடை. "இது தூய பட்டுதானே?" என்று வாங்குபவர் ஆவலோடு கேட்கும்போது, "இல்லை, பருத்தி கலந்தது" என்று சொல்ல மன உறுதி வேண்டும். அச்சொல்லால் அன்றைய விற்பனை கைநழுவலாம். ஆயினும், அவ்வாறு சொன்னவரிடமே அடுத்த முறை தூய பட்டைத் தேடி வாங்குபவர் வருவார். "ஆம்" என்று பொய்யுரைத்து விற்ற புடவை, பிரித்துப் பார்த்த நாளிலேயே திரும்பிவரும். அதனோடு விற்றவரின் நற்பெயரும் போய்விடும்.

வினவ வேண்டியவர் சில வேளைகளில் விற்பவராகவும் இருப்பார். பியர் ஒமிடியார் என்பவர் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏல இணையத்தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே எனப் புகழ்பெற்ற தளம் அது. அதில் முதலில் விற்பனையான பொருள், பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்று, விலை 14.83 டாலர். அது பழுதானது எனத் தெரிந்துதான் வாங்குகிறீரா என்று ஒமிடியார் வாங்கியவரைக் கேட்டார். பழுதடைந்த லேசர் சுட்டிகளைத் தாம் சேகரிப்பதாக அவர் விடையளித்தார். பணம் கிடைத்தால் போதும் என்று எண்ணாமல் கேட்கப்பட்ட அவ்வினா, இணைய வணிகத்தின் தொடக்கத்திலேயே அமைந்த நல்ல முன்மாதிரி.

விடை ஓர் ஒப்பந்தம்

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், வாங்கும்போது அளவுக்குமேல் எடுக்காதவர். விற்கும்போது அளவில் குறைக்காதவர். அந்த நடுநிலைமை அன்று அறமாகப் போற்றப்பட்டது. இன்று அது சட்டமாகவும் வகுக்கப்பட்டுள்ளது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பதன்கீழ் மின்வணிகத்திற்கான விதிகள் 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அறிவிக்கப்பட்டன. இணையச் சந்தைத் தளங்களின் வழியே விற்பவர், விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. "ஒப்புக்கொண்ட" என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. வாங்குபவரின் வினாவிற்கு விற்பவர் எழுதும் விடை காற்றில் கரைந்துபோகும் பேச்சன்று. எழுத்தில் நிலைத்துச் சான்றாக நிற்பது. இதனை உணர்ந்தவர் தமக்கு உறுதியாகத் தெரியாததை உறுதியெனச் சொல்லமாட்டார். "நெய்தவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் மதிப்புமிக்க விடையே.

வஞ்சக வினாக்கள்

வினவுபவர் அனைவரும் வாங்க வருபவர் அல்லர். சிலர் விலையைக்கூடப் பேசாமல், "பணத்தை இப்போதே அனுப்பட்டுமா? இந்தக் கியூஆர் குறியீட்டை வருடி உங்கள் இரகசிய எண்ணைப் பதிவிடுங்கள், பணம் வந்துவிடும்" என்பர். தோற்றத்தில் இது கொடை வினா. உள்ளே இருப்பதோ கொள்ளும் எண்ணம். இரகசிய எண்ணைப் பதிவிட்ட உடனே பணம் விற்பவரின் கணக்கிலிருந்து வெளியேறிவிடும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் செலுத்தவே அது தேவை. இதனைச் சிறு விற்பனையாளர் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் வினாவிற்கும் இசைதல் கூடாது. புடவை பற்றிய வினா எதுவாயினும் பொறுமையோடு விடையளிக்கலாம். வங்கிக் கணக்கின் இரகசியம் பற்றிய வினாவிற்கு மறை விடை ஒன்றே உண்டு.

சொல்லே சரக்கு

வீட்டிலிருந்தே சுங்குடிப் புடவையையும் ஊறுகாயையும் மண்பாண்டத்தையும் விற்கும் குடும்பங்கள் இன்று பெருகிவருகின்றன. பெரிய விளம்பரங்களுக்கு அவர்களிடம் முதல் இல்லை. தெளிவாகவும் விரைவாகவும் உண்மையாகவும் எழுதப்படும் விடையே அவர்களின் முதல். அதற்கு வேண்டிய பயிற்சி மொழிப்பாடத்தில்தான் கிடைக்கிறது. கேட்கப்பட்டது என்ன என்பதைக் கூர்ந்து அறிதல், அறிந்ததை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லுதல், இல்லாததை இல்லையெனச் சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் கைவந்தவரிடம், முகம் அறியாதவரும் நம்பிப் பணம் கொடுப்பர்.

தெரிந்து தெளிவோம்

● இணையவழியில் விற்பவர் தம்மை நுகர்வோர்போல் காட்டிக்கொண்டு தம் பொருளுக்குத் தாமே பாராட்டுரை எழுதுவதை மின்வணிக விதிகள் தடைசெய்கின்றன.

● நுகர்வோரின் முறையீட்டைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும்.

● தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழிப் பண மோசடி குறித்து முறையிட உதவும் எண் 1930.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உருவாகும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனை இணையவழியில் வாங்க விரும்புபவர் கேட்கக்கூடிய பத்து வினாக்களை எழுதி, வகைப்படுத்துக.

2. அவ்வினாக்களுக்கு விற்பவர் நிலையிலிருந்து விடை எழுதுக. அவற்றுள் ஒன்றேனும் மறை விடையாக அமையட்டும்.