மாதுளை ஓட்டில் ஒரு சத்து: மருந்தா, விளம்பரமா?

வீட்டுக் கொல்லையில் ஒரு மாதுளஞ்செடி நிற்பது நம் ஊர்ப்பக்கம் புதிதல்ல. காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு முத்து உரித்துக் கொடுப்பதும், வயிற்றுப்போக்குக்கு ஓட்டைக் காயவைத்துக் கஷாயம் வைப்பதும் பாட்டி காலத்து வழக்கம். இப்போது அதே மாதுளையின் பெயரைச் சொல்லி, முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரை என்று டப்பாக்களில் அடைத்து விற்கிறார்கள். ஒரு மாதத்துக்கான மாத்திரைக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். இதில் எது உண்மை, எது வியாபாரம் என்பதை மாதுளை பயிரிடுகிறவரும் சாப்பிடுகிறவரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஓட்டின் துவர்ப்பு

மாதுளை ஓட்டை நாக்கில் வைத்தால் சுருக்கென்று துவர்க்கும். டானின் என்ற பொருளே இதற்குக் காரணம். தோல் பதனிடவும், நூலுக்குச் சாயம் ஏற்றவும் மாதுளை ஓடு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது இதனால்தான். இந்த டானின்களில் முக்கியமானது புனிக்கலாஜின். நம் கடுக்காயிலும் இது உண்டு.

நாம் சுவைத்துச் சாப்பிடும் முத்துக்களில் புனிக்கலாஜின் குறைவு. தூக்கி எறியும் ஓட்டிலும், முத்துக்களைப் பிரிக்கும் வெளிர்மஞ்சள் சவ்விலும்தான் அதிகம். 2000-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆலையில் பிழிந்த மாதுளைச் சாற்றையும், முத்துக்களை மட்டும் பிழிந்த சாற்றையும் ஒப்பிட்டார்கள். ஆலைச் சாற்றிலேயே இந்தச் சத்து கூடுதலாக இருந்தது. ஆலையில் பழத்தை ஓட்டோடு நசுக்கிப் பிழிவதே இதற்குக் காரணம்.

குடலில் ஒரு குப்பைக்குழி

புனிக்கலாஜினை உண்டால் அது அப்படியே இரத்தத்தில் சேர்வதில்லை. குடலில் அது உடைந்து எல்லாஜிக் அமிலமாகிறது. அதையும் உடல் எளிதில் ஏற்பதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மேலும் சிதைத்து, யுரோலித்தின் என்ற சிறிய பொருளாக மாற்றுகின்றன. இதைத்தான் உடல் ஏற்றுக்கொள்கிறது.

இது விவசாயிக்குப் புரியாத விஷயமல்ல. பச்சைத் தழையை அப்படியே வயலில் போட்டால் பயிருக்கு உடனே சத்து கிடைக்காது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்த பிறகே வேர் அதை எடுத்துக்கொள்ளும். குடலிலும் அதே வேலைதான் நடக்கிறது.

ஆனால், ரைசோபியம் இல்லாத மண்ணில் உளுந்து விதைத்தால் வேரில் முடிச்சு கட்டுவதில்லை அல்லவா? மனிதர் குடலும் அப்படித்தான். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா நகர ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு வகையினர் யுரோலித்தின் ஏ என்ற வகையைத் தயாரிக்கிறார்கள். இன்னொரு வகையினர் வேறு யுரோலித்தின்களையும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். மூன்றாம் வகையினர் எதையுமே தயாரிப்பதில்லை. 2021-ல் வெளியான மற்றோர் ஆய்வில், சுமார் 100 பேருக்கு ஆளுக்கு ஒரு கோப்பை மாதுளைச் சாறு கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கே யுரோலித்தின் ஏ போதிய அளவில் தென்பட்டது. ஆகவே, ஒரே பழத்தை அண்ணனும் தம்பியும் பங்கிட்டுத் தின்றாலும் இருவருக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பழைய எஞ்சினைக் கழித்தல்

யுரோலித்தின் ஏ உடலில் என்ன செய்கிறது? நம் தசையின் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு எஞ்சின்கள் உள்ளன. உணவை எரித்துச் சக்தி தருவது இவற்றின் வேலை. வயதாக ஆக இவை பழுதடைகின்றன. தேய்ந்துபோன ஆயில் எஞ்சின் புகை கக்குமே தவிர தண்ணீர் இறைக்காது. அதுபோலத்தான் இதுவும். பழுதானவற்றைக் கழித்துப் புதியவற்றுக்கு இடம் தரும் ஏற்பாடு செல்லிலேயே இருக்கிறது. முதுமையில் இந்த ஏற்பாடும் மந்தமாகிவிடுகிறது. யுரோலித்தின் ஏ அதைத் தூண்டிவிடுகிறது என்பதே விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பு.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. யுரோலித்தின் ஏ கொடுத்த நுண்புழுக்களின் ஆயுள் 45 சதவீதம் கூடியது. வயதான சுண்டெலிகள் ஓடும் திறன் 42 சதவீதம் கூடியது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. மாத்திரைகளும் சந்தைக்கு வந்தன.

மனிதரில் கண்டது என்ன?

புழுவுக்கும் எலிக்கும் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை. 2019-ல் 60 முதியவர்களுக்கு நான்கு வாரம் வரை கொடுத்துப் பார்த்ததில் கெடுதல் எதுவும் தென்படவில்லை. 2022-ல் 65 வயதைக் கடந்த 66 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். கை, கால் தசைகள் களைக்காமல் வேலை செய்யும் திறன் கூடியது. ஆனால் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது, வெறும் மாத்திரை உண்டவர்களைவிட இவர்கள் முந்தவில்லை. அதே ஆண்டில் நடுத்தர வயதினர் 88 பேரிடம் நடந்த சோதனையில் கால் தசையின் வலிமை சுமார் 12 சதவீதம் கூடியது. முக்கியமாக எதிர்பார்த்த உச்ச ஆற்றலில் தெளிவான வேறுபாடு இல்லை.

இந்தச் சோதனைகளுக்கு மாத்திரை தயாரிக்கும் நிறுவனத்தின் பணம் உதவியிருக்கிறது என்பதையும் மனதில் கொள்ளவேண்டும். மேலும், இவற்றில் கொடுக்கப்பட்டது ரசாயன முறையில் தயாரித்த யுரோலித்தின் ஏ, மாதுளைப் பழமல்ல. மனிதரின் ஆயுள் கூடியதாக எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை.

மாதுளைச் சாற்றைப் பற்றியும் சோதனைகள் உண்டு. எட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, சாறு குடித்தவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 5 புள்ளி அளவு குறைந்தது. இது உண்மையான பலன்தான். அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

விளம்பரம் எப்படி ஏமாற்றும் என்பதற்கும் மாதுளையே சாட்சி. ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோய் வளர்வதைச் சாறு தாமதப்படுத்துவதாக 2006-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஒப்பீட்டுக் குழுவுடன் நடத்திய சோதனை 2015-ல் வெளியானபோது வேறுபாடு காணப்படவில்லை. இதற்கிடையில், நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்த ஒரு பெரிய சாறு நிறுவனத்தின் மீது 2013-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தடையுத்தரவு போட்டது. 2015-ல் மேல் நீதிமன்றமும் அந்த உத்தரவில் பெரும்பகுதியை உறுதி செய்தது.

சாப்பிடுகிறவர்களுக்கு

நல்ல பழத்தை வாரம் சில நாட்கள் சாப்பிடுவதில் நன்மை உண்டு. முத்துக்களை விதையோடு மென்று தின்னலாம். கண்ணாடிபோல் சுத்தமாகச் சவ்வை நீக்க வேண்டியதில்லை. கொஞ்சம் துவர்ப்பு ஒட்டியிருந்தால் நல்லதே. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சாற்றைவிட முத்தாக, அளவோடு உண்பது மேல். தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், மாதுளைச் சாறோ ஓட்டுப் பொடியோ தொடர்ந்து உண்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ஓட்டையும் மரப்பட்டையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வேர்ப்பட்டையிலும் மரப்பட்டையிலும் பெல்லட்டியரின் என்ற காரப்பொருள் உள்ளது. நாடாப்புழுவுக்கு முன்பு இதைக் கொடுத்தார்கள். அளவு மீறினால் இது விஷம். வீட்டு வைத்தியமாகப் பட்டையைக் கையாள வேண்டாம்.

பயிரிடுகிறவர்களுக்கு

பழத்தின் எடையில் ஏறத்தாழ பாதி ஓடும் சவ்வும்தான். ஓட்டுப் பொடிக்கு வாங்குவோர் இருக்கிறார்கள் என்ற பேச்சு இப்போது பரவலாக அடிபடுகிறது. பேச்சை நம்பி இறங்குவதற்கு முன் சிலவற்றைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, பூச்சி மருந்து. பழத்துளைப்பானுக்காகத் தெளிக்கும் மருந்து முதலில் படிவது ஓட்டின் மேல்தான். தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். இளம் காய்களுக்கு உறை கட்டினால் துளைப்பானும் குறையும், மருந்துச் செலவும் குறையும்.

இரண்டாவது, வெடித்த பழம். காய விட்டுவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். சீரான பாசனம், முக்கியமாகச் சொட்டுநீர், இதைக் குறைக்கும். போரான் பற்றாக்குறை இருந்தாலும் வெடிக்கும். மண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அன்றே வெடித்த பழத்தை உடனே முத்து உதிர்த்துப் பயன்படுத்தலாம். பூசணம் பிடித்ததையும் புழு துளைத்ததையும் முத்துக்கும் சரி, பொடிக்கும் சரி, சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, வாங்குகிற ஆள். விலையையும் அளவையும் எழுத்தில் பெறாமல் அரவை இயந்திரத்துக்கோ உலர்த்தும் கொட்டகைக்கோ கடன் வாங்க வேண்டாம். பொடியை நாமே பொட்டலம் கட்டி விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நோய் தீரும் என்று பொட்டலத்தில் அச்சடிப்பது 2018-ம் ஆண்டு விதிகளின்படி குற்றம்.

மாதுளை நல்ல பழம். அதை நல்ல பழம் என்று சொல்லி விற்பதே போதும். வயதான காலத்தில் தசை வலுவாக இருக்க, பருப்பும் முட்டையும் பாலும் சேர்ந்த சாப்பாடும், நாள்தோறும் கை கால் அசைக்கும் வேலையும் வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்கிறவரிடம் அதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. டப்பா மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் கொல்லையில் இரண்டு மாதுளங்கன்று நட்டால், பேரப்பிள்ளைகளும் பறித்துத் தின்னலாம்.