நாசிக் பள்ளத்தாக்கும் அதன் திராட்சைத் தேறலும்

நாசிக் என்றவுடன் நம் பெரியோர்க்குப் பஞ்சவடி நினைவுக்கு வரும். இல்லத்தரசியர்க்கு வெங்காயம். ரூபாய் நோட்டு அச்சாகும் ஊர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்வூர்க்கு மற்றொரு பெயரும் சேர்ந்துள்ளது. அது ஒயினால் வந்த பெயர். 'அத்தோட்டங்களைப் போய்ப் பார்க்கலாமாமே, குடும்பத்துடன் செல்லத் தக்க இடந்தானா?' என்று சங்க அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்ட வண்ணம் உள்ளனர். ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு அப்பக்கம் போய்வரும் வாய்ப்பு அவ்வப்போது கிட்டுவதால், கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதத் துணிந்தோம்.

மும்பையிலிருந்து புறப்படும் வண்டி கசாராவில் சற்று நிற்கும். அங்கிருந்து இகத்புரி வரை மலையேற்றம். முப்பத்தேழு அடி சென்றால் ஓர் அடி உயரும் செங்குத்தான பாதை அது. முன்னால் இழுக்கும் என்ஜின் போதாதென்று பின்னாலிருந்து தள்ளுவதற்குப் 'பாங்கர்' என்ஜின்களைப் பூட்டுவர். 1865-இல் திறந்த இவ்வழி இன்றும் எம் இலாகாவின் பெருமைகளுள் ஒன்று. இதைப் பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரை திசை மாறிவிடும். சுரங்கங்களைக் கடந்து இகத்புரியில் கதவருகே நின்றால் காற்று வேறாகிவிட்டதை முகம் உணரும். மும்பையின் பிசுபிசுப்பு இல்லை. கடல் மட்டத்திற்குச் சுமார் 2,000 அடி உயரத்தில் விரியும் மேட்டுநிலத்தின் மேல் வந்துவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

இம்மேட்டின்மீது அமைந்ததே நாசிக் பள்ளத்தாக்கு. மேற்கே சஹ்யாத்ரி, வடக்கே சாத்மாளா மலைத்தொடர். திரியம்பகத்தருகே பிரம்மகிரியில் பிறக்கும் கோதாவரியும், அதனுடன் சேரும் தாரணா, கத்வா முதலிய ஆறுகளும் நடுவே பாய்கின்றன. பண்டைக்கால எரிமலைக் குழம்பு உறைந்த பாறை உதிர்ந்து மண்ணானது. சில இடங்களில் கரிசல், சில இடங்களில் சரளை கலந்த செம்மண். திண்டோரி, நிஃபாட் வட்டங்களில் சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்களே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிகின்றன.

ஒயினுக்குப் பேர்போன நாடுகள் பெரும்பாலும் பூமத்திய ரேகையிலிருந்து முப்பது முதல் ஐம்பது பாகைக்குள் இருப்பவை. நாசிக்கோ இருபதாம் பாகையில் இருக்கிறது. ஜெர்மனியில் ஆற்றோரச் சரிவுகளில் ஒவ்வொரு கதிரையும் தேடித் தேடிக் கொடி நடுகிறார்கள். நாசிக்கில் வெயில் வேண்டிய மட்டும் உண்டு. இங்கே அரிய பொருள் குளிர். ஆகையால் இப்பள்ளத்தாக்கின் உழவன் செய்யும் வித்தை முழுவதும் அந்தக் குளிரைத் தன் பழத்திற்குத் தேடிக் கொடுப்பதே.

அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகச் சொல்வோம். பிரான்சு தேசத்தில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், செப்டம்பரில் பழம் பறிப்பர். அதே கணக்கை இங்கே வைத்துக்கொண்டால் பழம் பழுக்கும் காலத்தில் மழை கொட்டும், குலை அழுகும். ஆகவே இங்குள்ளோர் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்கின்றனர். ஏப்ரலில் வெட்டுவது கொடிக்குக் கிளை கூட்டுவதற்கு. அக்கிளைகளில் மழைக்காலத்திற்கு முன்னரே காய்க்கும் கண்கள் உருவாகிவிடும். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் வெட்டுவது பழத்திற்கு. நம் நாட்டில் கொடிக்கு உறக்கம் என்பதே இல்லையாதலால், எல்லாக் கண்களும் ஒரே சமயத்தில் விழிக்கும் பொருட்டு வெட்டிய கிளையில் மருந்து தடவுவதும் உண்டு. பிறகு குளிர்காலம் முழுதும் காய் வளர்ந்து ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச்சு வரை அறுவடை. பருவத்தை இங்கே கத்தரிக்கோல் தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையன்று.

இதில் குளிருக்கு என்ன வேலை? பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். பழத்திலுள்ள புளிப்பையோ, வெப்பம் மிக்க இரவானால் பழம் தன் மூச்சிலேயே எரித்துவிடும். குளிர்ந்த இரவானால் புளிப்பு அப்படியே தங்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நாசிக் வட்டாரத்தில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. நிஃபாட்டில் அதனினும் குறைந்து, மராட்டியத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் என்று செய்தித்தாளில் அதன் பெயர் வரும். பகல் முப்பதை எட்டும். இந்தப் பகலிரவு வேற்றுமைதான் நாசிக் ஒயினின் உயிர். இனிப்பு மட்டும் ஏறிப் புளிப்பு இல்லாத பழத்தில் எடுத்த மது, புளி குறைந்த ரசத்தைப் போல் நாவில் சப்பென்று கிடக்கும். மார்ச்சு முடிய வெயில் கடுமையானால் சில நாட்களிலேயே அந்நிலை வந்துவிடுமாம். ஆகவே அறுவடைக் காலத்தில் இங்கே எவரும் சாவகாசமாக இருப்பதில்லை. விடியுமுன்னே, பழம் குளிர்ந்திருக்கும்போதே பறித்துப் பெட்டிகளில் அடுக்குகின்றனர்.

திண்டோரிக்கு அருகே ஒரு தோட்டத்தில் அரை நாள் கழித்தோம். உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய மராட்டியர். ஒரே நிலத்தில் ஒரு பாதி தின்னும் பழம்; மறு பாதி ஒயின் பழம். இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டபோதுதான் வேற்றுமை விளங்கிற்று. தின்னும் பழத்திற்குத் தண்ணீரும் உரமும் தாராளம்; மணி பெருக்க மருந்தில் குலையை முக்குகிறார்கள்; விதையில்லாத, தோல் மெலிந்த, கட்டைவிரல் பருமனான பழம். ஒயின் பழத்தையோ அரைப் பட்டினியில் வளர்க்கிறார்கள். சொட்டுநீரும் அளந்தே விடுவர். குலைகளிலும் ஒரு பகுதியைக் கிள்ளியெறிந்துவிடுவதுண்டு. மிஞ்சும் மணி சிறிது, தோல் தடித்தது, உள்ளே விதை. ஒன்றை வாயிலிட்டோம், இனிப்புக்குக் குறைவில்லை, ஆனால் தோலின் துவர்ப்பு நாவைப் பிடித்துக்கொண்டது. மணமும் நிறமும் அத்தோலில்தான் இருக்கின்றன.

அப்பெரியவர் சிறு குழல் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு மணியைப் பிழிந்து அதன் முனையில் ஒரு சொட்டு விட்டுச் சூரியனை நோக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை எத்தனை பங்கு என்று உள்ளே கோடு காட்டும் கருவி அது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று வந்தால் ஆலைக்குச் செய்தி அனுப்புவார்; அவ்வளவு சர்க்கரை நொதித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு மதுச்சத்து ஆகும். குழலை நம்மிடமும் தந்து பார்க்கச் சொன்னார். பிறகு இந்தியில் அவர் கூறியதன் சாரம் இது: "சாஹேப், அந்தப் பாதியிலுள்ள பழத்தை வியாபாரி வாங்காவிட்டால் சாலையோரம் கூடை வைத்து விற்பேன், அதுவும் இல்லையென்றால் காயவைத்து உலர் திராட்சை ஆக்குவேன். இந்தப் பாதியை யார் தின்பார்? ஆலை வாங்கினால் பணம், வாங்காவிட்டால் மாட்டுக்குத்தான்."

அவர் சொல் வெறும் அச்சமன்று. அதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

1990-களின் கடைசியில் கலிபோர்னியாவிலிருந்து திரும்பிய ராஜீவ் சாமந்த் என்னும் இளைஞர் கங்காபூர் அணைக்கு அருகே தம் குடும்ப நிலத்தில் பிரெஞ்சுத் திராட்சை இனங்களை நட்டார். கெர்ரி டாம்ஸ்கி என்னும் கலிபோர்னிய வல்லுநர் துணை நின்றார். 2000-இல் அவர்களுடைய 'சூலா' ஒயின் கடைக்கு வந்தது. 2001-இல் மராட்டிய அரசு திராட்சையைப் பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக்கொள்கை வகுத்து, மாநிலத்துத் திராட்சையில் செய்யும் ஒயினுக்கு ஆயத்தீர்வைச் சலுகை அளித்தது. நிஃபாட் வட்டத்து விஞ்சூரில் ஒயின் தொழிற்பேட்டை எழுந்தது. பார்த்தவரெல்லாம் ஆலை வைத்தனர். கரும்பையும் தின்னும் பழத்தையும் விட்டு உழவர் பலர் ஒயின் கொடிக்கு மாறினர். 2008-இல் உலக வாணிபம் தளர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப்பின் பெரிய ஓட்டல்கள் வெறிச்சோடின. ஆலைகளில் தொட்டி நிறைய ஒயின் தேங்கிற்று. பணம் வராத உழவர்கள் அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் கொடிகளை வேரோடு பிடுங்கினர். நட்டு மூன்றாண்டு காத்து வளர்த்த கொடியைப் பிடுங்குவதென்றால் என்னவென்பது நம்மில் நிலமுள்ளோர்க்குத் தெரியும். நிலைத்து நின்ற ஆலைகள் பிறகு வளர்ந்தன. திண்டோரியில் பிரெஞ்சு நிறுவனமாகிய 'ஷாண்டோன்' நுரையொயின் செய்கிறது. 'சூலா' 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. எனினும் மாவட்டத்தின் திராட்சை நிலத்தில் ஒயின் பழத்திற்குரியது இன்றும் சிறு பங்குதான். பெயர் ஒயினுக்கு, சோறு போடுவது ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் தின்னும் பழம்.

வானமும் சில ஆண்டுகளில் துரோகம் செய்கிறது. 2014 பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை நேரத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. 2023 நவம்பர் இறுதியிலும் அவ்வாறே. இளங்காய்ப் பருவத்தில் நிஃபாட்டுப் பந்தல்கள் பல சிதைந்தன. கத்தரிக்கோலால் பருவத்தை மாற்றலாம். பருவம் தவறிப் பெய்யும் மழைக்கு எந்தக் கோலும் இல்லை.

ஆலைக்குள்ளும் சென்றோம். நாம் எதிர்பார்த்தது இருட்டறையும் மரப் பீப்பாயும். கண்டதோ ஆளுயரத்தினும் மும்மடங்கு உயர்ந்த எவர்சில்வர் தொட்டிகள். பால் பண்ணைக்குள் நுழைந்ததுபோல் சுத்தம். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் தொட்டியில் குளிர வைத்து மெல்ல நொதிக்க விடுகின்றனர். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க வேண்டும். பீப்பாயும் இல்லாமல் இல்லை. சிலவகைச் சிவப்பு ஒயின் ஓக் மரப் பீப்பாயில் பல மாதம் கிடக்கிறது.

மது அருந்தும் வழக்கம் நம் இல்லத்தில் இல்லை. எனினும் எழுதப் புகுந்தபின் சுவை அறியாமல் எழுதுவது முறையாகாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வாங்கினோம். செனின் பிளாங்க் என்பது கொய்யாப்பழ மணமும் சிறிது இனிப்பும் உடையது, புதியவர்க்கு எளிது. சாவிஞோன் பிளாங்க் அப்படியன்று; முகர்ந்தால் அறுத்த புல்லும் பச்சைமிளகாய்க் காம்பும் நினைவுக்கு வரும், பருகினால் எலுமிச்சை போல் சுருக்கென்று ஏறும். மேலே சொன்ன குளிரிரவின் புளிப்பு இதுவே என்று தெரிந்தது. நம் மனம் இதற்கே முதலிடம் தருகிறது. ஷிராஸ் என்னும் சிவப்பில் நாவற்பழமும் மிளகும் கலந்த சுவை; துவர்ப்பு அதிகம். காரம் நிறைந்த உணவுடன் எது சேரும் என்று கேட்டதற்கு, செனின் என்றார் அங்கிருந்த பணியாளர்.

மதுவைப் பற்றி ஒரு சங்க இதழில் எழுதலாமா என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். யவனர் கலத்தில் வந்த தேறலைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். அத்தகைய சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. இதைச் சொல்லிக் குடிக்கு நியாயம் கற்பிக்க நாம் முனையவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை நம் குடியிருப்புகளிலேயே கண்டிருக்கிறோம். 2022 ஜனவரியில் பெரிய மளிகைக் கடைகளிலும் ஒயின் விற்கலாம் என்று மராட்டிய அமைச்சரவை முடிவு செய்தபோது, உழவர்க்கு நன்மை என்று அரசு கூறிற்று. அண்ணா ஹஜாரே உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மளிகைக் கடையில் பிள்ளைகள் கண்முன் புட்டி நிற்பதை நாம் விரும்பவில்லை. திண்டோரிப் பெரியவரின் கொடிகளைப் பிடுங்க வேண்டும் என்றும் நம் வாய் சொல்லாது.

நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை அறிந்தோர்க்கு ஓர் ஐயம் எழும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் அங்கும் திராட்சை ஏராளம். பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாசிக் பள்ளத்தாக்கின் ஒயினும் அக்குறியீடு பெற்றதே. பின் ஏன் ஒயினில் பெயர் இங்கு மட்டும்? கம்பத்தில் ஆண்டின் எந்த மாதம் போனாலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். அது அவ்வூரின் செல்வம். ஆனால் நாசிக் இரவின் குளிர் அங்கே கொடிக்குக் கிட்டுவதில்லை. பழத்தின் மணம் சிறந்தது. அது பெரும்பாலும் தின்னும் பழமாகவும் சாறாகவும் செலவாகிறது.

போக விரும்பும் அன்பர்கள் ஜனவரிக் கடைசிக்கும் மார்ச்சு நடுவுக்கும் இடையில் செல்க. வேறு காலத்தில் போனால் வெட்டிய கட்டைகளையும் இலைகளையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். நாசிக் ரோடு நிலையத்தில் இறங்கினால் கங்காபூர் அணைப் பக்கமும் திண்டோரிப் பக்கமும் வாடகை வண்டி கிடைக்கும். சில தோட்டங்களில் அறுவடைக் காலத்தில் பெரிய தொட்டியில் பழத்தைக் காலால் மிதிக்கும் வேடிக்கை வைக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் மாற்றுடை எடுத்துச் செல்லவேண்டும், அக்கறை எளிதில் போகாது. பஞ்சவடித் தரிசனத்தைக் காலையிலேயே முடித்துக்கொண்டு பிற்பகலில் தோட்டம் போவது நலம். வரிசை மாறினால் வீட்டுப் பெரியோர் ஒப்பமாட்டார்கள்.