ஒரே பிரிண்டர், எல்லோருக்கும் அவசரம்!

காலை பத்து மணி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே கம்ப்யூட்டர்கள் ஆறு. பிரிண்டர் ஒன்றே ஒன்று.

ஒருவர் நூறு பக்கக் கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பி விட்டு, டீ குடிக்கப் போய் விட்டார். வாசலில் ஒரு மாணவி தகப்பனாருடன் நிற்கிறாள். கல்லூரியில் சேர இன்றுதான் கடைசி நாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்: மாற்றுச் சான்றிதழ். திருச்சி பஸ் போய் விட்டால் என்ன செய்வது?

யாருக்கு முதலில் அச்சடிப்பது? இந்தச் சிக்கலுக்கு நல்ல வழி கண்டது "யூனிக்ஸ்".

வரிசை எண்

யூனிக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படைப் புரோகிராம். 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஒரே எந்திரத்தைப் பலர் பங்கிட்டுக் கொள்ள ஏற்றது. அதே வார்ப்பில் 1991-ல் வந்தது "லினக்ஸ்". 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த "பாஸ்" என்பதும் லினக்ஸ்தான்.

இதில் நீங்கள் அச்சிடச் சொன்னால், தாள் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. ரேஷன் கடையில் நிற்பது போல வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. வரிசை கம்ப்யூட்டரின் வட்டில் எழுதி வைக்கப்படுகிறது. நடுவில் கரண்டு போனாலும், காத்திருக்கும் வேலைகள் அழிந்து விடுவதில்லை.

1999-ல் வெளிவந்த "கப்ஸ்" என்ற புரோகிராம்தான் இன்று லினக்சில் பெரும்பாலும் இந்த வேலையைக் கவனிக்கிறது.

சாவி யாரிடம்?

உங்கள் வேலையை நீங்கள் ரத்து செய்யலாம். அடுத்தவர் வேலையில் கை வைக்க முடியாது! அந்த அதிகாரம் பொறுப்பாளருக்கு மட்டுமே. யார் யார் அச்சிடலாம், ஒருவர் எத்தனை பக்கம் அச்சிடலாம் என்பதையும் அவரே வரையறுப்பார்.

அவசர வேலையை அவர் முன்னுக்குக் கொண்டு வரலாம். ஒன்று முதல் நூறு வரை மதிப்பெண் உண்டு. சாதாரண வேலைக்கு 50. மதிப்பெண் கூடினால் முன்னே போகும்.

ஆனால் ஒன்று. ஓடிக் கொண்டிருக்கும் வேலையை இந்த மதிப்பெண் நடுவில் நிறுத்தாது. ஆகவே நூறு பக்கத்தையும் ஒரே மூட்டையாக அனுப்பக் கூடாது. பத்துப் பத்தாகப் பிரித்து அனுப்பினால், இடையே ஒரு சான்றிதழ் புகுந்து விடும். மாலை வரை நிறுத்தி வைக்கும்படியும் சொல்லி அனுப்பலாம்.

சிக்கிய காகிதம்

ஒரு பொதுப் பிரிண்டர் உலகத்தையே மாற்றிய கதையும் உண்டு!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தார். பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். தாளை எடுக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஸ்டால்மன் புரோகிராமைத் திருத்தினார். காகிதம் சிக்கியவுடன், காத்திருக்கும் எல்லோருக்கும் தகவல் போயிற்று. யாராவது ஓடி வந்து சரி செய்தார்கள்.

1980 வாக்கில் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் புரோகிராமைத் திருத்த வழியில்லை. மூல வடிவம் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருந்தது. ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். "யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்து விட்டேன்" என்று அவர் மறுத்து விட்டார்.

அந்த ஏமாற்றத்தை ஸ்டால்மன் மறக்கவில்லை. யாரும் படித்துத் திருத்தி, பிறருக்கும் தரக்கூடிய புரோகிராம்கள் வேண்டும் என்று 1983-ல் "குனு" திட்டத்தை அறிவித்தார். பின்னாளில் அது லினக்சுடன் சேர்ந்தது. தமிழ்நாட்டு மாணவர் கைக்கு வந்த "பாஸ்" அந்த வழியில் வந்ததுதான்.

பொதுப் பொருளுக்கு வரிசை வேண்டும். பொறுப்பாளரும் வேண்டும். அவர் கையில் உள்ள சாவி, வேண்டியவரை முன்னே தள்ளுவதற்கு அல்ல. வாசலில் நிற்கும் அந்த மாணவி திருச்சி பஸ்சைப் பிடிப்பதற்கு!