போக ஆறேமுக்கால், வர ஒன்றேமுக்கால்

சிங்கப்பூரிலிருந்து தங்கை அனுப்பிய டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள் அம்மா. திருச்சியில் இரவு 1 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை 7.45. திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் திருச்சியில் 9.45.

"ஏண்டா, போக ஆறேமுக்கால் மணி நேரம், வர ஒன்றேமுக்கால்தானா? திரும்பி வர்ற பிளேனுக்கு நல்ல டிரைவரா?"

இரண்டுமே நாலேகால் மணி நேரம்தான். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகையில் கழிக்க வேண்டும், வருகையில் கூட்ட வேண்டும். ஆனால் அந்த இரண்டரையே கொஞ்சம் ஜோடனைதான். 1981 வரை இரண்டு மணிதான் வித்தியாசம். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா முள்ளை அரை மணி முன்னே தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. சூரியனைக் கேட்டால் ஒன்றேமுக்கால்கூட முழுதாக வராது என்றுதான் சொல்லும். அங்கே ஏழு மணி வாக்கில் விடிவது அதனால்தான்.

வான்வழியில் தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். வரைபடத்தில் கோடு இழுத்தால், அது கோடியக்கரையை ஒட்டிக் கடலில் இறங்கி, சுமத்ராவின் வடபகுதிக்கு மேலாகப் போகும். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். வகுத்தால் மூன்றரை மணி நேரம். மிச்ச முக்கால் மணி? டிக்கெட்டில் இருப்பது வெறும் பறக்கும் நேரமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைவது முதல் அங்கே போய் நிற்பது வரை எல்லாம் சேர்த்தி: ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறைக்குக் காத்திருப்பது. கொஞ்சம் கையிருப்பும் வைத்தே போடுகிறார்கள். 'முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று அறிவிக்கும்போது நான் கைதட்டுவதில்லை.

காற்றுக்கும் பங்கு உண்டு. ஆடியில் நம் வயல்களில் மேல்காற்று சுழற்றியடிக்கும்போது, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து ஓடுகிறது. இதை 1958இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதனால் அந்தப் பருவத்தில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அம்மாவின் டிரைவர் அவ்வளவுதான், சில நிமிஷத்துக்கு மட்டும்.

பெரியப்பா அறுபதுகளில் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறியவர். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு வாரம். கப்பலில் கடிகாரத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்துக்கொண்டே போவார்களாம். ஊர் வரும்போது உடம்பும் முள்ளும் ஒன்றாயிருக்குமாம்.

அம்மா தள்ளவே இல்லை. சாங்கியில் இறங்கியதும் போன் செய்தாள். தங்கை ஏழே முக்கால் என்று சொல்லிக்கொண்டிருப்பது பின்னால் கேட்டது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சேகால்டா. பால்காரர் வந்திருப்பார், பாத்திரத்தை வெளிய வை."